அல்லி வாயை மூடிக்கொண்டாள்

ஏப்ரல் 21, திங்கள்

காலையிலேயே மனசு கெட்டுப்போனது. நீர்யானைக் குளத்தின் முன்னால் புதுப் பலகை நட்டிருக்கிறார்கள். "நீர்யானையின் பால் ரோஜா நிறம்" என்று பெரிய எழுத்தில். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். இயக்குநர் மோகனசுந்தரம் சிரித்துக்கொண்டே, "வாட்ஸ்அப்ல எல்லாத்துக்கும் வந்துதேங்க, நீங்க பாக்கலியா?" என்றார். இந்த வெள்ளிமடை உயிரியல் பூங்காவில் கல்வி அலுவலர் என்று ஒருத்தி இருக்கிறாள். ஒப்பந்த வேலைதான், இருந்தாலும் இருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பால் வெள்ளைதான். நானே பெயிண்ட் வாங்கி அந்த வரியை அழித்தேன். புடவையெல்லாம் பெயிண்ட். டர்பன்டைன் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வியாழக்கிழமை கோடை முகாம் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல எழுதி வைத்தது:

"நீர்யானைக்கு நீச்சல் தெரியாது. ஆமாம், நிஜமாகத்தான். தண்ணீருக்கு அடியில் தரையில் காலை ஊன்றி நடக்கும், எம்பி எம்பிப் போகும். முங்கும்போது மூக்கையும் காதையும் மூடிக்கொள்ளும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு விடும். தூங்கும்போதும் அப்படித்தான். தூக்கம் கலையாமலே மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போய்விடும். வெயில் அதன் தோலுக்கு ஆகாது. அதனால் உடம்பிலிருந்து சிவப்பாக ஒன்று கசியும். பார்த்தால் ரத்தம் மாதிரி இருக்கும். ரத்தம் இல்லை. வெயிலுக்கும் கிருமிக்கும் அது தானே பூசிக்கொள்கிற மருந்து."

இதைப் படித்துவிட்டு இயக்குநர், "கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லாருக்கும்" என்றார். வாய்க்கு வந்த பதிலைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

முகாம் முதல் நாள். முப்பது பிள்ளைகள் போதும் என்று சொல்லியிருந்தேன். கூட்டம் அதற்கு மேல். ஒலிபெருக்கி பாதியில் செத்துப்போனது. தொண்டை கட்டிவிட்டது.

குளத்தருகே போனால் நீர்யானை அல்லியின் இரண்டு காதும் மூக்கின் நுனியும் மட்டும் தெரிகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் அல்லி. இப்போது துணை இல்லாமல் தனியாகத்தான் இருக்கிறாள். பகலில் அவள் தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டாள், வரவும் கூடாது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் புரியுமா? கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன், "கல்லு மாதிரி கெடக்குது மிஸ்" என்றான். பின்னால் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அல்லியின் பல்லைப் பார்ப்பதற்காக டாக்டர் ஹபீபா மாதம் ஒருமுறை வருவார். மருந்து கொடுத்து மயக்காமல், அவளாகவே வாயைத் திறக்கும்படி பராமரிப்பாளர் சென்னியப்பன் பழக்கி வைத்திருக்கிறார். பின்பக்கக் கதவருகே நின்று "ஆ" என்பார். அவள் வந்து திறப்பாள். ஒரு துண்டு பூசணிக்காய் கொடுப்பார். நம் வீடுகளில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது "ஆ காட்டு" என்போமே, அதே ஆ.

சென்னியப்பனை முன்பக்கம் வரச் சொன்னேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் வாயைப் பெரிசாத் திறங்க, 'அல்லி, ஆ!' சொல்லுங்க" என்றேன். சொன்னார்கள். அல்லி தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்து வாயைத் திறந்தாள்.

அந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். அத்தனை பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கோரைப் பற்களையே பார்த்தார்கள். அப்போது சொன்னேன்: "காட்டில் நீர்யானை இப்படி வாயைப் பிளந்தால் பசி என்று அர்த்தம் இல்லை. கிட்டே வராதே என்று அர்த்தம். அல்லி நம்மை நம்புகிறாள், அதனால் திறக்கிறாள். இந்தப் பல்லுக்காகத்தான் ஆப்பிரிக்காவில் நீர்யானைகளைச் சுடுகிறார்கள். யானைத் தந்தத்தை விற்கக் கூடாது என்று தடை வந்ததும் வியாபாரிகள் இந்தப் பல்லுக்கு மாறிவிட்டார்கள். உலகத்தில் மிச்சம் இருப்பதே லட்சத்துச் சொச்சம்தான்."

ஒரு பெண் பிள்ளை, பெயர் தன்விகா, மூன்றாம் வகுப்பு முடித்தவள், மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. வாயை மூடவே மாட்டாள் போலிருக்கிறது. "அது தனியா இருக்கே மிஸ், அதுக்குப் பயமா இருக்காதா?" "ராத்திரி புல்லு தின்னுமா? யாரு வெட்டிப் போடுவாங்க?" "காட்டுல இருக்கறதக் காப்பாத்தணும்னா, அல்லிய எதுக்கு மிஸ் இங்க பூட்டி வெச்சிருக்கோம்?" கடைசிக் கேள்விக்கு, "உன்னை மாதிரிப் பிள்ளைங்க பார்த்துத் தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். "நான் தெரிஞ்சுக்கிட்டேனே, விட்டுரலாமா?" என்கிறாள். வாயாடி.

சென்னியப்பனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. பிள்ளைகள் அவருக்குக் கை தட்டினார்கள். யோசனை என்னுடையது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 1, வியாழன்

இயக்குநர் எதையும் விட்டுவைக்கமாட்டார். தினம் சாயங்காலம் "அல்லி தரிசனம்" என்று பலகை வைத்துவிட்டார். தரிசனமாம்! மூலஸ்தானத்தில் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். இன்று விடுமுறைக் கூட்டம். காலையிலிருந்தே கம்பியோரம் நின்று ஊரே "ஆ, ஆ" என்று கத்துகிறது. அவளும் பாவம், யார் கூப்பிட்டாலும் எழுந்து எழுந்து திறக்கிறாள்.

திறந்ததும் போடுகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திறந்த வாயைக் கண்டால் எதையாவது போடாமல் நம் ஆட்களால் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாயில், பிறந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரர் வாயில், கோயில் யானை வாயில், எல்லாவற்றிலும் திணித்தாக வேண்டும். போடுவதற்குப் பெயர் அன்பு. ஒரு ஆள் பாதித் தேங்காயை விட்டெறிந்தான். ஓடிப்போய் ஆளைப் பிடித்தேன்.

"ஏனுங்க, சாமி பிரசாதம்ங்க. வாயில்லாத சீவனுக்குக் குடுத்தா புண்ணியந்தானுங்க?"

வாயில்லாததாம். என் தலையையே உள்ளே விடலாம், அவ்வளவு பெரிய வாய். "நீங்கள் வீட்டில் புண்ணியம் செய்யுங்கள்" என்றேன். கத்தினேன் என்று சொல்வார்கள். சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

டாக்டர் ஹபீபா அசாமுக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஜூன் வரை வரமாட்டார். அதுவரை பார்த்துக்கொள்ள டவுனிலிருந்து மாட்டு டாக்டர் ஒருவர் வருகிறார். அல்லியைத் தூரத்தில் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்.

மே 4, ஞாயிறு

குளத்தை வடித்துக் கழுவினார்கள். அடியில் மக்காச்சோளத் தண்டு, சில்லறைக் காசு, குழந்தைச் செருப்பு ஒன்று, ஒரு கிரிக்கெட் பந்து. காசு போட்டு என்ன வேண்டிக்கொண்டார்களோ.

இயக்குநரிடம் பந்தைக் காட்டி, தரிசனத்தை நிறுத்தச் சொன்னேன். "உங்க யோசனைதானேங்க மேடம்" என்றார். என் யோசனை பாடம். இவர் யோசனை வேடிக்கை. வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேசி என்ன பயன்?

சாயங்காலம் வீட்டில் மாவு புளித்துப்போயிருந்தது. அப்படியே கொட்டினேன்.

மே 9, வெள்ளி

இன்று அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

வெளியாட்கள் போடுவது ஒரு பக்கம். என் முகாம் பிள்ளை, நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, அதே தன்விகா, சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் குளத்துக்கு ஓடியிருக்கிறாள். அல்லி வாயைத் திறந்திருக்கிறாள். இவள் தன் சப்பாத்தி ரோலை அப்படியே அலுமினியத் தாளோடு வீசியிருக்கிறாள். நான் போய்ச் சேர்வதற்குள் அல்லி விழுங்கிவிட்டாள்.

விட்டுவிட முடியுமா? மற்ற பிள்ளைகளுக்கும் உறைக்க வேண்டாமா? அட்டையில் "நான் நீர்யானைக்குத் தீங்கு செய்தேன்" என்று எழுதிக் கையில் கொடுத்து, இன்றைய முகாம் முடியும் வரை கம்பியோரம் நிற்க வைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டாள். வந்தவர்கள் சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் எனக்கு எங்கே நேரம்?

அவள் அழக்கூட இல்லை. அவ்வளவு அழுத்தம்.

மே 10, சனி

தன்விகா வரவில்லை. அவள் அம்மா பிரேமலதா போன் செய்தார். "திட்டியிருந்தாப் பரவால்லீங்க, எம்புள்ளய போட்டா புடிக்க உட்டுப்புட்டீங்களேங்க" என்றார். அந்தத் தாள் குடலில் மாட்டினால் அல்லி செத்துப்போவாள், தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நல்லவேளை, புரிந்துகொண்டார் என்று வைத்துவிட்டேன்.

சென்னியப்பன் வேறு. வாளியைக் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுங்க மேடம்" என்றார். அவர் பிள்ளைகளுக்குக் கை ஆட்டி ஆட்டி நின்ற நாள்கள் ஜாஸ்தி இல்லையா? கேட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 12, திங்கள்

முடிவு எடுத்துவிட்டேன். ஊரைத் திருத்த முடியாது. அல்லியைத் திருத்தலாம். வாயைத் திறந்தால்தானே போடுகிறார்கள்? திறக்காமல் இருக்கப் பழக்கிவிட்டால் ஆயிற்று.

குளம் கழுவுகிற அழுத்தக் குழாய் இருக்கிறது. அவள் மேலே வந்து திறக்கும்போதெல்லாம் நான் ஒலிபெருக்கியில் "உள்ளே போ!" என்று சத்தம் கொடுக்க வேண்டியது, சென்னியப்பன் வாய்க்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டியது. தண்ணீர்தானே? அடியா, உதையா? சென்னியப்பனுக்கு இஷ்டம் இல்லை. "ரெண்டு வருசம் பழக்குனதுங்க மேடம். டாக்டரம்மா வந்தா என்னுங்க சொல்றது?" என்றார். உயிரோடு இருந்தால்தானே டாக்டர் பார்ப்பார் என்றேன். இயக்குநரிடம் அனுமதி கேட்டேன். "நீங்களே பாத்துக்குங்க" என்று தலையை ஆட்டினார். அவருக்குத் தரிசனமும் வேண்டும், தலைவலியும் கூடாது.

மே 19, திங்கள்

பலன் தெரிகிறது. இன்று பாதி நேரம் திறக்கவில்லை. பிடிவாதக்காரி. தண்ணீர் பட்டதும் ஓடிப்போய்ப் பின்கதவுக் கம்பியைக் கவ்விக்கொண்டு ஆட்டுகிறாள். கதவே பிடுங்கிக்கொண்டு வரும்போல் ஒரு சத்தம். சென்னியப்பன் குழாயைக் கீழே போட்டுவிட்டார். பிடிக்கச் சொன்னேன். எனக்கும்தான் கோபம் வருகிறது, நான் கம்பியையா கடிக்கிறேன்?

முகாமில் இன்று ஆற்றைப் பற்றிச் சொன்னேன். "நீர்யானை ராத்திரி கரையேறிப் புல் மேயும். விடிவதற்குள் ஆற்றுக்குத் திரும்பிச் சாணி போடும். அந்தச் சாணியில்தான் சிறு பூச்சிகள் பிழைக்கும், பூச்சியைத் தின்று மீன் பிழைக்கும், மீனைப் பிடித்து மனிதர்கள் பிழைப்பார்கள். ஆற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிட்டால் நீர்யானை நிற்க இடம் இல்லை. அது வயலுக்குள் வரும். வந்தால் சுடுவார்கள்." ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முன்னெல்லாம் இடையிடையே ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும், தொந்தரவாக. இப்போது நிம்மதியாகப் பாடம் நடக்கிறது.

மே 27, செவ்வாய்

அல்லி வாயைத் திறப்பதை அடியோடு விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. கூட்டம் இல்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 9, திங்கள்

இரண்டு மூன்று நாளாக அல்லி சரியாகத் தின்னவில்லை. போட்ட புல் போட்டபடி கிடக்கிறது. பூசணிக்காயை முகர்ந்துவிட்டு விட்டுவிடுகிறாள். வாயோரம் நுரையாக எச்சில். கிட்டே போனால் நாற்றம். மாட்டு டாக்டர் வாயு என்று சொல்லி ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தார். யார் வாயில் ஊற்றுவது என்று எழுதித் தரவில்லை.

எனக்குத் தெரியும் என்ன என்று. அலுமினியத் தாள். இல்லையென்றால் தேங்காய் ஓடு. எங்கேயோ மாட்டியிருக்கிறது. ஒரு மாதம் கழித்துக் காட்டுகிறது. போட்டவர்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

ஹபீபா வந்துவிட்டார். வந்ததும் பையைக்கூட வைக்காமல் பின்கதவுக்கு வந்து, "ஆ சொல்லுங்கண்ணா" என்றார் சென்னியப்பனிடம். அவர் சொன்னார். அல்லி மூக்கை மட்டும் காட்டிவிட்டு முங்கிவிட்டாள். மறுபடி சொன்னார். முங்கிவிட்டாள். ஹபீபா எங்களைத் திரும்பிப் பார்த்தார். சென்னியப்பன் குழாயைக் காட்டினார். நான் காரணத்தை விளக்கினேன்.

இவ்வளவு அமைதியாக ஒருவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஈஸ்வரி, இவ வாய்தான் எனக்கு இருக்குற ஒரே ஜன்னல். அதையும் அடைச்சிட்டீங்க."

"திறந்திருந்தா செத்திருப்பா டாக்டர்."

"இப்ப மட்டும்? மயக்க மருந்து குடுத்தா நீர்யானைக்கு மூச்சு நின்னுரும், தெரியுமில்ல? தண்ணிக்குள்ள போயிட்டா மூழ்கிச் செத்துரும். என்ன நோவுன்னே தெரியாம என்னத்தக் குடுக்கறது?"

நானும் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். கம்பியோரம் போய் "அல்லி" என்றேன். ஆ கூடச் சொல்லவில்லை, பேரை மட்டும்தான் சொன்னேன். குளத்தின் அந்த மூலைக்குப் போய் முங்கினாள். மூச்சுக்கு மேலே வந்தாள், நான் நிற்பதைப் பார்த்தாள், மறுபடியும் முங்கினாள். ஹபீபா என்னைப் போகச் சொன்னார்.

ஒரு மிருகத்துக்காக ஊரையே பகைத்துக்கொண்டது நான். அதற்கு என் குரல் ஆகாதாம்.

ஜூன் 15, ஞாயிறு

விலா எலும்புப் பக்கம் தோல் தொங்குகிறது. நீர்யானைக்கு எலும்பு தெரியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஹபீபா நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த வாரத்துக்குள் காரணம் தெரியவில்லை என்றால் அல்லி இல்லை என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டார். இயக்குநர் உடனே என்னிடம் வந்து, பொதுமக்கள் வீசிய பொருளால் நீர்யானை கவலைக்கிடம் என்று பத்திரிகைக்குச் செய்தி எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். உண்மைதானே?

சென்னியப்பன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அந்தக் கேள்வி கேக்கற புள்ள இருக்குதில்லீங்க, அது கூப்ட்டா சும்மா தொறக்குமுங்க. பூசணிக்காயெல்லாம் வேண்டியதில்லை. தெனமும் முகாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்து கம்பிகிட்ட நிக்கும். இது வாயத் தொறக்கும், அதுவும் தொறக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்குமுங்க."

என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று சீறினேன். "நீங்க எங்கீங்க கேட்டீங்க?" என்றார்.

அந்தப் பிள்ளையிடம் போய் நிற்கமாட்டேன் என்றேன். ஹபீபா, "உங்களுக்கு அல்லி வேணுமா, வேண்டாமா?" என்றார்.

ஜூன் 16, திங்கள்

சாயங்காலம் தன்விகா வீட்டுக்குப் போனேன். நூல் மில் லைன் வீடு. பிரேமலதா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ யாருகிட்டயும் பேசறதில்லீங்க" என்றார். "அன்னைக்கு வந்ததுலிருந்தே அப்படித்தான். வீட்டுல கேட்டா தலைய ஆட்டுவா. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு வாரமாச்சு, டீச்சரு பேரக் கூப்ட்டா எந்திரிச்சு நிக்கறாளாம், உள்ளேன்னு ஒரு சொல்லு வர்றதில்லையாம். அந்தப் போட்டாவ அவ கிளாஸ்லயே யாரோ வெச்சிருக்காங்களாட்டிருக்குது."

இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் நினைத்தேன். தண்ணீரைக் குடித்தேன்.

பிள்ளை கதவோரம் நின்றாள். அந்த இரண்டு பல்லும் முளைத்துவிட்டனவா என்று பார்க்க முடியவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சொன்னேன்: அல்லிக்கு உடம்பு சரியில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். திறக்கவில்லை என்றால் செத்துப்போவாள். சொல்லச் சொல்ல என் குரல் வழக்கம்போல் ஏறிக்கொண்டே போனது. பிள்ளை உள்ளே போய்விட்டாள். சரி, அவ்வளவுதான் என்று எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

பொழுது போய்விட்டது. நாளைக்குப் பூங்கா விடுமுறை, கூட்டம் இருக்காது. காலையில் அழைத்து வருவதாக அவள் அம்மா சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

என் குரல் கேட்டால் அல்லி முங்கிவிடுவாள் என்பதால் ஹபீபா என்னைத் தீவன அறைக்குள் நிற்கச் சொன்னார். சுவரில் உள்ள கம்பி வலை வழியாகப் பார்த்தேன். பின்கதவுக்கு இந்தப் பக்கம் தடுப்புக்குப் பின்னால் தன்விகாவை நிறுத்தினார்கள். பக்கத்தில் அவள் அம்மா. சென்னியப்பன் கையில் பூசணித் துண்டு. ஹபீபா கையில் டார்ச்.

அல்லி தூர மூலையில் கிடந்தாள். காது மட்டும்.

பிள்ளை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. வாயைத் திறந்தாள். எவ்வளவு பெரிதாகத் திறக்க முடியுமோ அவ்வளவு பெரிதாகத் திறந்துகொண்டு சத்தமே இல்லாமல் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. தாடை வலித்திருக்கும். மூடிக் கன்னத்தைத் தடவிக்கொண்டு மறுபடி திறந்தாள். அல்லி முங்கினாள். எழுந்தாள். பார்த்தாள். முங்கினாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தமாகச் சொல்லு, அல்லி ஆ என்று சொல்லு என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன்.

அல்லி எப்போது நகர்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. தண்ணீர் அசைந்தது, அவ்வளவுதான். பிறகு கதவுக்குக் கீழே அந்தப் பெரிய தலை எழுந்தது. மோவாயைத் திண்டில் வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திறந்தாள். நாற்றம் தீவன அறை வரைக்கும் வந்தது.

ஹபீபா டார்ச் அடித்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிள்ளை வாயை மூடவில்லை. அல்லியும் மூடவில்லை. ஹபீபா நீளக் குழாயால் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். அல்லி ஒருமுறை உறுமினாள், ஆனாலும் மூடவில்லை. மருந்து வைத்த பூசணியை நாக்குக்குப் பின்னால் தள்ளினார். அது உள்ளே போனது.

"தாளும் இல்ல, தேங்காயும் இல்ல" என்றார் ஹபீபா. "கீழ்க் கோரைப் பல்லு நெடுக்க விண்டிருக்கு. அடியில சீழ். இரும்பக் கடிச்சிருக்கா." பின்கதவுக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். ஒரு கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது. "பல்லு போயிரும். இப்படியே தினமும் திறந்து காட்டினா ஆளு பொழச்சுக்குவா."

சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்தேன். அல்லி முங்கிவிட்டாள்.

அப்போதுதான் பிள்ளையின் குரல் கேட்டது. கரகரப்பாக, வேறு யாரோ பேசுவது போல. என்னிடம் பேசவில்லை, சென்னியப்பனிடம் கேட்டாள்.

"ஏன் இரும்பக் கடிச்சுது?"

"கோவத்துல கண்ணு. மூஞ்சில தண்ணி பீய்ச்சி அடிச்சமில்ல."

"எதுக்கு அடிச்சீங்க?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

"யாரு அடிக்கச் சொன்னா?"

சென்னியப்பன் வாளியைப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் ஆ சொல்லச் சொன்னீங்க! நாங்களாச் சொன்னோம்? நீங்கதான் வரிசையா நிக்க வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க! அது நம்மள நம்பித்தான் தொறக்குதுன்னீங்க. நம்பித் தொறந்ததுக்கு அடிச்சீங்களா? அது அன்னைக்குத் தொறந்துக்கிட்டே நின்னுது மிஸ், எல்லாரும் சாப்பிட்டாங்க, அதுக்கு மட்டும் யாரும் ஒண்ணும் குடுக்கல. அதான் குடுத்தேன். தாளைப் பிரிக்கத்தான் பிரிச்சேன், வரல. சொல்ல வந்தேன். வாய மூடுன்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? அதுகிட்டயும் கேக்கல! உங்களுக்குக் கோவம் வந்தா மட்டும் எல்லாரும்..."

முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, என் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளை என்னைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு பல்லும் பாதி முளைத்திருந்தன. பிரேமலதா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தன்விகா! பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? வாய மூடு!"

"மூட வேண்டாங்க" என்றேன். "விடுங்க. பேசட்டும்."

பேசினாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைக் காட்டி என்னென்ன சொன்னார்கள், யார் யார் சிரித்தார்கள், எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள். நான் அப்படியே நின்றேன். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் ஆரம்பித்தாள்.